தூத்துக்குடிப் பெட்டி ஏன் இன்னும் கொழும்பு வழியாகப் போகிறது?

முத்துநகரான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. தூத்துக்குடியில் ஒரு ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யும்) அலுவலகத்தில் பதினாறு வருடமாக ஏற்றுமதி டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் திறந்ததிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இனிமேல் கொழும்புக்குப் பெட்டி (கண்டெய்னர்) அனுப்ப வேண்டியதில்லையே?" டீக்கடையில் நின்றபடி பதில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். மத்திய அரசின் பெருந்துறைமுகங்கள் 2024-25-ல் கையாண்ட சரக்கு சுமார் 85.5 கோடி டன். முந்தைய ஆண்டைவிட 4 சதவீதம் சொச்சம் கூடுதல். ஆனால் அதில் கண்டெய்னர் சரக்கு மட்டும் 10 சதவீதம் வளர்ந்திருக்கிறது. அதாவது மொத்தச் சரக்கைவிடப் பெட்டி வேகமாகப் போகிறது.

நாட்டில் பெட்டி எங்கே குவிகிறது? மேற்குக் கரையில். மும்பைக்கு அருகே உள்ள நவசேவா 2024-25-ல் 73 லட்சம் டிஇயு கையாண்டது. மேலே சொன்ன கணக்கில் சேராத, குஜராத்தின் தனியார் துறைமுகமான முந்த்ரா ஏறத்தாழ 80 லட்சம். நாட்டின் மொத்தப் பெட்டிகளில் பாதிக்கும் மேல் இந்த இரண்டு துறைமுகங்களிலேயே ஏறி இறங்குகிறது. எங்கள் தூத்துக்குடி 8 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. 1989-ல் திறந்த நவசேவாவில் பத்தே ஆண்டில் முதல் தனியார் கண்டெய்னர் முனையம் வந்துவிட்டது. முந்த்ராவுக்கு டெல்லி, ஹரியானா, பஞ்சாப் என்று சரக்கு வந்து சேரும் பின்நிலம் விரிந்து கிடக்கிறது. போதாததற்கு மேற்கு சரக்கு ரயில் பாதையில் ஒரு பெட்டிமேல் இன்னொரு பெட்டியை அடுக்கி, மின்சார இன்ஜினில் இழுத்துப் போகிறார்கள். அந்த மாதிரி ரயில் தெற்கே இல்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு வலிக்கிறது. தொலைதூரம் ஓடும் பெரிய தாய்க்கப்பல் நம் கரைக்கு வராததால் ஃபீடர் என்னும் சின்னக் கப்பலில் பெட்டியைக் கொண்டுபோய் வேறு நாட்டில் இறக்கி, அங்கே மறுபடி ஏற்றுகிறோம். அரசு கொடுத்த கணக்குப்படி, இந்தியாவின் இந்த மாற்றேற்றுச் சரக்கில் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கையாளப்பட்டு வந்தது. அதிலும் 85 சதவீதத்துக்கு மேல் கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங் மூன்றும்தான்.

துறைமுகத்தை ஆழப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆழம் இருந்தால் கப்பல் வர முடியும், அவ்வளவுதான். பெட்டி குவிந்தால்தான் அது வரும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வணிகவியல் மாணவி

ஐயா, இரண்டு சின்னக் கேள்விகள். டிஇயு என்றால் பெட்டிகளின் எண்ணிக்கையா? அப்புறம், தாய்க்கப்பலுக்கும் ஃபீடருக்கும் அளவில் எவ்வளவு வித்தியாசம்?

முத்துநகரான்

தங்கச்சி, நல்ல கேள்வி. டிஇயு என்பது 20 அடிப் பெட்டி ஒன்றுக்கான அளவு. 40 அடிப் பெட்டி ஒன்று போனால் அது 2 டிஇயு. அதனால் 73 லட்சம் டிஇயு என்றால் 73 லட்சம் பெட்டி என்று அர்த்தமில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: எம்டி (காலி) பெட்டியும் கணக்கில் வரும். மாற்றேற்றுத் துறைமுகத்தில் ஒரே பெட்டி இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை எண்ணப்படும். துறைமுகங்களை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்.

கப்பல் அளவுக்கு ஓர் உதாரணம். 2024 மே மாதம் முந்த்ராவுக்கு எம்எஸ்சி அன்னா வந்தது. நீளம் கிட்டத்தட்ட 400 மீட்டர், கொள்ளளவு 19,200 டிஇயு. 2025 ஜூனில் விழிஞ்ஞத்துக்கு வந்த எம்எஸ்சி இரினா அதையும் தாண்டியது: 24,346 டிஇயு. தூத்துக்குடி, கொழும்பு இடையே ஓடும் ஃபீடர்கள் ஆயிரம், இரண்டாயிரம் டிஇயு அளவில் இருக்கும். பெரிய கப்பல் முழுச்சுமையோடு வந்தால் 16 மீட்டர் வரை நீருக்குள் இறங்கி நிற்கும். எங்கள் துறைமுகத்தின் ஆழம் 14 மீட்டரை ஒட்டித்தான்.

பின்னலூரான்

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணாச்சி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எந்தத் துறைமுகம், எந்த லைன் (கப்பல் கம்பெனி), கொழும்பா சிங்கப்பூரா என்று பெரும்பாலும் நாங்கள் முடிவு செய்வதே இல்லை. பனியன் ஏற்றுமதி பெரும்பாலும் எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றுவதுவரைதான் எங்கள் செலவு. கப்பல் கூலி கொடுப்பது வெளிநாட்டு வாங்குபவர். அவர் நியமித்த ஃபார்வர்டர் எந்த லைனைச் சொல்கிறாரோ அதில் புக்கிங் போடுகிறோம். ஆனால் சரக்கு தாமதமானால் அடி விழுவது எங்கள் தலையில். டெலிவரி தேதி தப்பினால் ஏர் ஃபிரைட்டில் அனுப்பச் சொல்வார்கள், இல்லையென்றால் விலையில் பிடிப்பார்கள்.

போன வருடம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது அடி ஹைகியூப் (உயரம் கூடிய பெட்டி) இரண்டு. கட்-ஆஃபுக்கு (பெட்டி சேர வேண்டிய கடைசி நேரம்) முன்பே துறைமுக வாசலுக்குள் கேட்-இன் ஆகிவிட்டது. ஃபீடரும் சொன்ன நாளில் கிளம்பியது. கொழும்பில் தாய்க்கப்பலில் இடமில்லை என்று பெட்டி உருட்டப்பட்டது, அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பதினெட்டு நாள் அங்கேயே கிடந்தது. ஐரோப்பாவில் கோடைக்காலத்துக்கு விற்க வேண்டிய துணி. கடைசியில் தள்ளுபடி கொடுத்துத்தான் கணக்கை முடித்தோம். வருடம் முழுக்கத் தைத்த லாபம் அந்த இரண்டு பெட்டியில் கரைந்தது. யார்மேல் குற்றம் சொல்வது? லைன் ஃபார்வர்டரைக் காட்டும், ஃபார்வர்டர் துறைமுகத்தைக் காட்டுவார்.

ஆகவே எனக்குக் கொழும்பா விழிஞ்ஞமா என்பதில் பிடிவாதம் இல்லை. நடுவில் ஒரு கைமாற்று குறைந்தால் போதும். இதுதான் என் கோரிக்கை.

கொழும்புத்துறை

கொழும்பிலிருந்து. துறைமுகத்தில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சில விசயங்கள் சொல்கிறேன். பின்னலூரான் அண்ணனுக்கு நடந்தது உண்மையிலேயே வருத்தம். அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் செங்கடலில் கலக்ஸி லீடர் கப்பல் ஏமனின் ஹூதிகளால் பிடிக்கப்பட்ட பிறகு, பெரிய லைன்கள் எல்லாம் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாப் பயணத்துக்குப் பத்து நாள் முதல் இரண்டு கிழமை (வாரம்) வரை கூடுதலாக எடுத்தது. வளைகுடாப் பக்கம் இறங்கி ஏறிய கொள்கலன்களில் ஒரு பகுதியும் இங்கே வந்து விழுந்தது. 2023-ல் ஏறத்தாழ 69 லட்சம் டிஇயு கையாண்ட கொழும்பு 2024-ல் 77 லட்சத்தைத் தாண்டியது. யார்டில் இடம் வேண்டுமே. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்தன.

ஆனால் இந்தியாவில் பலர் கதைப்பதுபோல் கொழும்பு யாருடைய சரக்கையும் பறித்துக்கொள்ளவில்லை. எங்கள் நாட்டின் சொந்த இறக்குமதி ஏற்றுமதி சிறியது. கையாளும் கொள்கலன்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு மாற்றேற்றுத்தான். கிழக்கு மேற்குக் கடல்வழி பக்கத்திலேயே போகிறது, 18 மீட்டர் ஆழ முனையம் இருக்கிறது, எல்லா லைன்களின் கப்பலும் வருகிறது. இன்று ஒரு கப்பல் தவறினால் சில நாளில் வேறொன்று கிடைக்கும். இந்த அடர்த்தியைக் கட்ட எங்களுக்கு முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

இன்னொன்று, கொழும்பு என்றால் இலங்கை மட்டும் என்றும் இல்லை. 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு கொள்கலன் முனையத்தில் 51 சதவீதம் அதானி குழுமத்துடையது. 34 சதவீதம் இலங்கையின் ஜோன் கீல்ஸ் நிறுவனம், மீதி துறைமுக அதிகார சபை. முதலில் கிழக்கு முனையத்தைத்தான் இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து செய்வதாக 2019-ல் ஒப்பந்தம் போட்டார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் 2021 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டது.

எண்ணூர் சாலை

நான் சென்னையில் இரண்டு டிரெய்லர் வைத்து ஓட்டுகிறேன். எல்லோரும் கடலைப் பற்றிப் பேசுகிறீர்கள். ரோட்டைப் பற்றி யாராவது பேசுங்கள்.

கப்பல் கரையில் நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். 96 மணி நேரமாக இருந்தது 49 மணி நேரத்துக்கு வந்துவிட்டதாம். சந்தோஷம். ஆனால் வாசலுக்கு வெளியே என் வண்டி நிற்கும் நேரத்தை யார் அளக்கிறார்கள்? மணலியிலிருந்து துறைமுக வாசல் வர ஒரு ராத்திரி போன நாள் உண்டு. டிரைவருக்குக் கழிப்பறை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஸ்டீயரிங்கை விட்டு இறங்கினால் வரிசை போய்விடும். நடுவில் கட்-ஆஃப் தாண்டினால் பெட்டி ஷட்-அவுட், அந்தக் கப்பலில் ஏறாது. அந்த வாடகைக்கு நாங்கள் பதினைந்து நாள் அலைய வேண்டும்.

துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரையிலான உயர்மட்டச் சாலையை 2009-ல் தொடங்கினார்கள். 2012-ல் நின்றுபோனது. தூண்கள் மட்டும் கூவத்தில் நின்றதை ஊரே பார்த்தது. 2022-ல் இரண்டடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரம்தான். அந்த இடைவெளியில் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது, எண்ணூரில் கண்டெய்னர் முனையம் வந்தது, பெட்டிகள் வடக்கே நகர்ந்தன. 1983-லேயே கண்டெய்னருக்கென்று தனி முனையம் கண்ட துறைமுகம் சென்னை. அதற்கு ஒழுங்கான ஒரு சாலை கொடுக்க இத்தனை வருடமா?

முத்துநகரான்

எண்ணூர் சாலை அண்ணனுக்கு: நீங்கள் சொன்னது என் பதிவில் இருந்த பெரிய ஓட்டை. கப்பல் கரையில் நிற்கும் நேரத்துக்குக் கணக்கு இருக்கிறது, டிரெய்லர் நிற்கும் நேரத்துக்கு அதே அளவு கவனம் இல்லை. சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்பதை வாசலும் சாலையும் தீர்மானிக்கின்றன.

பின்னலூரான் அண்ணன் சொன்ன ஹைகியூப் விஷயத்தையும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே யாருக்கும் இது தெரிவதில்லை. துணிக்கு எடை குறைவு, இடம் அதிகம் வேண்டும். அதனால் நாற்பது அடி ஹைகியூப் கேட்போம். எங்கள் துறைமுகத்துக்குள் வருவது என்ன? முந்திரிக் கொட்டை, மரத்தடி, பழைய காகிதம், இரும்புக் கழிவு. இவை பெரும்பாலும் கனமான சரக்கு, இருபது அடிப் பெட்டியில் வரும். மரமும் இரும்பும் ஏற்றிய பெட்டியில் உள்ளே கீறலும் கறையும் வாடையும் இருக்கும். அதில் வெள்ளை பனியனை அடுக்க முடியுமா? ஆகவே யார்டில் எம்டி பெட்டி மலைபோல் கிடந்தாலும் எங்களுக்கு வேண்டிய பெட்டி இருக்காது. லைன் அதைக் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ காலியாக ஏற்றி வர வேண்டும். அந்தச் செலவு கடைசியில் கூலியில்தான் ஏறும்.

கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இதே பிரச்சினை உலகம் முழுக்க வெடித்தது. நாற்பது அடிப் பெட்டியின் உலகச் சராசரிக் கூலி அந்த செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. நாங்கள் எம்டி பெட்டிக்காக யார்டு யார்டாக ஃபோன் போட்டுக் கெஞ்சினோம். உலகத்தின் கண்டெய்னர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சீனாவில்தான் செய்யப்படுகிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

பழைய மாலுமி

முப்பது வருடம் கப்பலில் இருந்தவன். தம்பி முத்துநகரானின் பதிவில் ஒரு வரியை ஏற்க முடியவில்லை. "வலிக்கிறது" என்கிறார். கொழும்பில் மாற்றி ஏற்றுவது அவமானமா? இல்லை. உலகத்தில் எந்தத் தொடர் கப்பல் சேவையும் எல்லாக் கரையையும் தொடாது. பெரிய கப்பல் நாலு இடத்தில் நின்று, சின்னக் கப்பல்கள் அங்கே சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் முறை. 20,000 டிஇயு கப்பலை 600 பெட்டிக்காக ஒரு துறைமுகத்துக்குத் திருப்பினால், எண்ணெய்ச் செலவும் ஒரு நாள் நேரமும் சேர்ந்து ஒரு பெட்டிக்கான கூலி எங்கேயோ போய்விடும்.

வல்லார்பாடத்தைப் பாருங்கள். கொழும்புச் சரக்கைத் திருப்பத்தான் 2011-ல் கொச்சியில் அந்த முனையம் திறந்தார்கள். கப்பல்கள் திரண்டு வரவில்லை. ஆழத்தைக் காப்பாற்ற வருடம் முழுக்கத் தூர்வார வேண்டியிருந்தது, கட்டணமும் குறையவில்லை. நம் கரையோரம் வெளிநாட்டுக் கொடிக் கப்பல் பெட்டியை எடுத்துப்போகத் தடையும் இருந்தது. அந்தத் தடையை நாடு முழுவதற்குமாகத் தளர்த்தியதே 2018 மே மாதம்தான்.

எனக்கு வலிப்பது வேறு. நம் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கில் இந்தியக் கொடிக் கப்பல்கள் சுமப்பது 5 சதவீதத்தை ஒட்டித்தான். மீதிக் கூலி முழுவதும் வெளியே போகிறது. இதே தூத்துக்குடி, கொழும்பு வழியில்தானே வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் விட்டார்? வெள்ளைக்காரன் கம்பெனி டிக்கெட்டை இனாமாகக் கொடுக்கும் அளவுக்கு இறங்கி வந்து அவரை ஒழித்தது. அவர் பெயரை வைத்திருக்கும் துறைமுகத்தில் நம் கொடியோடு எத்தனை கண்டெய்னர் கப்பல் வருகிறது? 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றிருக்கிறது. அந்தப் பணத்தில் கண்டெய்னர் கப்பலும் வர வேண்டும் என்று கேட்பதுதான் சரியான சண்டை.

முத்துநகரான்

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். "வலிக்கிறது" என்று எழுதியபோது என் மனதில் இருந்தது கௌரவம் அல்ல, கைமாற்றில் தொலைகிற நாட்கள். ஆனால் நீங்கள் சொன்ன 5 சதவீதம் அதைவிடப் பெரிய விஷயம்.

விழிஞ்ஞம் பற்றி என் கணிப்பு. இயற்கையிலேயே 18 முதல் 20 மீட்டர் ஆழம். சர்வதேசக் கப்பல் வழி பத்துக் கடல்மைல் தூரம். 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ கப்பல் வந்தது, டிசம்பரில் வணிகமுறையில் தொடங்கியது, ஓராண்டுக்குள் 10 லட்சம் டிஇயு. வல்லார்பாடத்துக்கு நடக்காதது இங்கே நடந்ததற்குக் காரணம் உண்டு. உலகின் மிகப் பெரிய லைனான எம்எஸ்சி தன் மாற்றேற்றுப் பெட்டிகளை அங்கே கொண்டுவந்து குவித்தது. பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஒரு லைன் மனம் மாறினால் என்ன ஆகும்? எம்எஸ்சியில் புக்கிங் இல்லாத திருப்பூர்ப் பெட்டிக்கு இன்று விழிஞ்ஞத்தால் பெரிய பயன் இல்லை. பாலராமபுரம் வரைக்கும் 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை, பெரும்பகுதி சுரங்கத்தில், கட்டி முடிய வேண்டும். அது முடிந்தால் நாகர்கோவில், திருநெல்வேலிச் சரக்குக்கே கணக்கு மாறலாம்.

குமரிக்கடல்

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்துக்காரன். இந்த இழை முழுவதிலும் பெட்டி இருக்கிறது, கூலி இருக்கிறது, கடல் இல்லை.

2025 மே 25-ம் தேதி விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. 640 பெட்டிகள். சிலவற்றில் கால்சியம் கார்பைடு. சில நாளில் பிளாஸ்டிக் குருணை எங்கள் மாவட்டக் கரை வரை வந்து ஒதுங்கியது. அரிசி போல வெள்ளையாக, மணலோடு மணலாக. எங்கள் பிள்ளைகள் சல்லடை வைத்து அள்ளினார்கள். சந்தையில் மீன் வாங்க ஆள் இல்லை. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது, அதே கம்பெனிக் கூட்டத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்திலேயே பிடித்துவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பக்கத்து மாவட்டமான எங்களுக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

2016-ல் இனயத்தில் துறைமுகம் என்றார்கள். எதிர்த்தோம். பிறகு கோவளம், மணக்குடி என்றார்கள். அதையும் எதிர்த்தோம். வளர்ச்சிக்கு எதிரி என்று பட்டம் கிடைத்தது. விழிஞ்ஞத்தில் 2022 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மீனவர்கள் ஏன் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்? அலைத்தடுப்புச் சுவர் எழும்ப எழும்ப வடக்கே கரை அரிக்கிறது, வீடு போகிறது என்றுதான். துறைமுகக் கட்டுமானம் காரணமில்லை என்றது எதிர்த்தரப்பு. வீடு போனது மட்டும் கண்ணுக்குத் தெரிகிற உண்மை. மகாராஷ்டிராவில் 76,220 கோடிக்கு வதாவன் துறைமுகம் வருகிறது, அங்கேயும் மீனவர்கள்தான் தெருவில் நிற்கிறார்கள். கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் தோணியாமை முட்டையிடும் கரையில் மாற்றேற்றுத் துறைமுகம் திட்டமிடுகிறார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை டாலர் மிச்சம் என்று கணக்குப் போடும்போது இதையும் ஒரு வரியில் சேருங்கள்.

பழைய மாலுமி

குமரிக்கடல் தம்பிக்கு. நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஃபீடர்களில் பல பழைய கப்பல்கள். தாய்க்கப்பல் புதிதாக மின்னும், அதன் பெட்டியைச் சில்லறையாகச் சுமக்கும் ஃபீடர் இருபத்தைந்து, முப்பது வயதாக இருக்கும். மாற்றேற்று மையம் வந்தால் நம் கரையோரம் இந்த ஃபீடர்களின் நடமாட்டம் கூடும். அப்படியென்றால் கப்பலின் வயதையும் நிலையையும் துறைமுகத்தில் கறாராகச் சோதிக்கும் ஆட்களையும் கூட்ட வேண்டும். துறைமுகம் திறக்கும்போதே இதைச் செய்திருக்க வேண்டும்.

வணிகவியல் மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. தூத்துக்குடியில் வெளித் துறைமுகம் கட்டப் போகிறார்களே, அப்போது தாய்க்கப்பல் வருமா?

முத்துநகரான்

2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு ஏறத்தாழ 7,056 கோடி ரூபாய். அதே வருடம் செப்டம்பரில் உள்துறைமுகத்தில் இன்னொரு புதிய கண்டெய்னர் முனையமும் திறந்தது. தாய்க்கப்பல் வருமா என்றால், நான் மூன்றைப் பார்ப்பேன். கோவை, திருப்பூர், கரூரிலிருந்து தினமும் நேரம் தவறாமல் ஓடும் கண்டெய்னர் ரயில் இருக்கிறதா? சுத்தமான ஹைகியூப் பெட்டி தூத்துக்குடியிலேயே கிடைக்கிறதா? ஒரு லைனாவது வாரம் ஒருநாள் வருவேன் என்று கையெழுத்துப் போடுகிறதா? இவை இல்லாமல் கடலில் எத்தனை மீட்டர் தோண்டினாலும் வல்லார்பாடம் கதைதான்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது என் மேசையில் திருப்பூர் புக்கிங் சட்டென்று குறைந்ததைப் பார்த்தேன். பெட்டி இல்லாமல் கப்பல் வராது என்று நான் சொல்வது அப்படிக் கண்ணால் பார்த்ததுதான்.

பின்னலூரான்

அந்த ரயில் விஷயத்தை நாங்கள் சங்கக் கூட்டத்தில் எழுப்பலாம் என்று இருக்கிறோம். டிரெய்லருக்கும் ரயிலுக்கும் கட்டண வித்தியாசம், ஏற்றி இறக்கும் செலவு சேர்த்து, ஒரு பெட்டிக்கு என்ன ஆகும் என்று உங்களிடம் கணக்கு இருந்தால் அனுப்ப முடியுமா அண்ணாச்சி?

முத்துநகரான்

கடந்த மூன்று மாத பில்களை எடுத்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள். எண்ணூர் சாலை அண்ணன் வாசலில் காத்திருக்கும் நேரத்தையும் எழுதி அனுப்பினால் அதையும் சேர்த்துவிடலாம்.

எண்ணூர் சாலை

இன்று ராத்திரி லோடு இருக்கிறது. வரிசையில் நின்ற நேரம், உள்ளே போன நேரம் இரண்டையும் குறித்து அனுப்புகிறேன்.